மேல் வாசல், கீழ் வாசல், சாம்பக்கல்

இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கான கேள்வித்தாளில் ஒரு படம் வரைந்துகொண்டிருந்தபோதுதான், தான் வரைவது மாமனார் வீட்டுச் சுரங்கம் என்பது அந்த நிலவியல் விரிவுரையாளருக்கு உறைத்தது.

கேள்வி சாதாரணமானது. பாறை அடுக்குகள் மடிந்து சாய்ந்து கிடக்கும் படுத்த மடிப்பு ஒன்றின் படத்தைக் கொடுத்து, பாகங்களைக் குறிக்கச் சொல்வது. வருடம் தவறாமல் அவர் அதைக் கேட்பார். வருடம் தவறாமல் மாணவர்கள் அதைத் தப்பாக எழுதுவார்கள். அவரும் பாதி மதிப்பெண் போட்டுவிடுவார். இரு தரப்புக்கும் மனக்குறை கிடையாது. இந்த முறை ஒரு மாறுதலுக்காக வண்ணப் பென்சில் எடுத்தார். கீழே சிவப்பு அடுக்கு, அதன்மேல் கறுப்பு, அதன்மேல் சாம்பல். அப்புறம் மூன்றையும் சேர்த்து, பாயை மடிப்பதுபோல வலது ஓரத்தில் வளைத்து மேலே கொண்டுவந்தார். இப்போது சாம்பலுக்கு மேல் மறுபடி கறுப்பு வந்தது, அதற்கும் மேல் சிவப்பு. பென்சில் நின்றது.

கறுப்புக்குக் கீழே சிவப்புக் கோடு: அது சின்ன மச்சானின் சுரங்கம். கறுப்புக்கு மேலே சிவப்புக் கோடு: அது பெரிய மச்சானின் சுரங்கம். இரண்டுக்கும் இடையில் சாம்பல்: அது, சட்டப்படி, அவருடைய மனைவிக்குச் சொந்தம்.

கல்யாணமான நாளிலிருந்து அந்த இரண்டு சுரங்கங்களுக்குள்ளும் போய் வந்துகொண்டிருக்கிறார். மாணவர்களைக் கூட்டிப் போய், சுத்தியலால் தட்டிக் காட்டி, குழுப்படம் எடுத்திருக்கிறார். மடிப்பைப் பற்றி ஒரு ஆய்வுக் கட்டுரைகூட எழுதியிருக்கிறார், ஆறு மணி நேரம் பயணம் செய்து பார்த்துவிட்டு வந்த வேறொரு மலையைப் பற்றி.

அந்தச் சுரங்கத்தின் சரித்திரம் ஒரு தப்பிலிருந்துதான் தொடங்குகிறது. மாமனார் செங்கல் சூளை வைத்திருந்தவர். மண்ணுக்குத் தோண்டப்போன இடத்தில் கறுப்புக் கல் அகப்பட்டது. தொட்டால் கையெல்லாம் கரி. நிலக்கரி என்று முடிவுகட்டிச் சூளையில் கொட்டினார். சூளை அணைந்ததுதான் மிச்சம். அந்தத் தடவைச் செங்கல் முழுக்கப் பழுப்பும் கறுப்புமாய்த் திட்டுத்திட்டாக வெளிவந்தது. எவனும் வாங்கவில்லை. எனவே அதை வைத்துத் தன் வீட்டைக் கட்டிக்கொண்டார். வழி தவறி வந்த ஒரு பேட்டரிக் கம்பெனி ஆள் அந்த வீட்டுச் சுவரைப் பார்த்து, இது மாங்கனீசு ஆயிற்றே, எங்கே கிடைத்தது என்று கேட்டார். அன்றோடு செங்கல் வியாபாரம் போயிற்று. முதலில் திறந்த குழி. குழி ஆழமானதும் பக்கவாட்டில் குடைந்த சுரங்கம். பேட்டரிக்குப் போனது போக மிச்சம் எஃகு ஆலைக்கு. வீட்டில் யார் கையைப் பார்த்தாலும் நகக்கண்ணில் கறுப்பு இருந்தது. பெண் பார்க்கப் போன அன்று விரிவுரையாளர் அதைத்தான் முதலில் கவனித்தார். பைரோலூசைட், மாங்கனீசுத் தாது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டார். கல்யாணத்துக்குச் சம்மதித்ததற்கு அதுவே காரணம் என்று அவர் மனைவி இன்றைக்கும் நம்புகிறார்.

மாமனார் போன பிறகு பிள்ளைகள் இருவருக்கும் தகராறு வந்தது. எதனால் வந்தது என்பது இருவருக்கும் மறந்துவிட்டது. யார் பக்கம் நியாயம் என்பது மட்டும் நன்றாக ஞாபகம் இருந்தது. நிலத்தைப் பிரித்துப் பயனில்லை, தாது அடியில் சரிந்து ஓடுகிறது. ஆகவே படிவை, அதாவது தாது அடுக்கைப் பிரித்தார்கள். மேலே ஒரு படிவு, கீழே ஒரு படிவு. இரண்டும் வேறு வேறு என்பதற்கு மாமனாரே சாட்சி: ஒன்றுக்குத் தலையில் சிவப்புக் கோடு, இன்னொன்றுக்குக் காலில் சிவப்புக் கோடு, குருடனுக்குக்கூடத் தெரியும் என்பார். மேல் படிவு பெரியவருக்கு, கீழ் படிவு சின்னவருக்கு. தங்கையும் கையெழுத்துப் போட வேண்டியிருந்ததால், வெறுங்கையோடு அனுப்பக் கூடாதென்று, இடையில் கிடந்த சாம்பல் நிறத் தகட்டுப் பாறை முழுவதையும் அவளுக்கு எழுதினார்கள். சாம்பக்கல் என்று சொல்லிக் குப்பையில் கொட்டுகிற சரக்கு அது. கூடியிருந்த எல்லோரும் சிரித்தார்கள். தங்கையும் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

அன்றிலிருந்து மேல் வாசல், கீழ் வாசல் என்று இரண்டு வாசல். அண்ணன் ஆள் தம்பி வாசலில் கால் வைக்கக் கூடாது, தம்பி ஆள் அண்ணன் வாசல் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது. இரண்டிலும் நுழைய உரிமை பெற்றவர்கள் இருவர்தான். ஒருவர் வீட்டு மாப்பிள்ளை, அதாவது நம் விரிவுரையாளர். இன்னொருவர் வெடிக்காரர். அந்த வட்டாரத்தில் பாறைக்கு வெடி வைக்க லைசென்ஸ் உள்ளவர் அவர் ஒருவரே என்பதால், காலையில் மேல் வாசல், பிற்பகலில் கீழ் வாசல் என்று இருவருக்கும் பொதுவில் இருந்தார். ஓரிடத்துச் சங்கதியை மற்றோரிடத்தில் மூச்சுவிட மாட்டேன் என்று இரண்டு பேரிடமும் தனித்தனியாகச் சத்தியம் செய்திருந்தார்.

கேள்வித்தாளை அப்படியே போட்டுவிட்டு, மறுநாள் காலை விரிவுரையாளர் கீழ் வாசலுக்குப் போனார். சின்னவர் அங்கே இல்லை. தலைவிளக்கைப் போட்டுக்கொண்டு உள்ளே நடந்தார். முன்பெல்லாம் கீழ்நோக்கிச் சரிந்து போன பாதை இப்போது ஏறத் தொடங்கியிருந்தது. மேல் வாசலில் அதற்கு நேர்மாறாக, போகப் போக இறங்கிக்கொண்டே போகும். அண்ணன் இறங்கி வருகிறார், தம்பி ஏறிப் போகிறார். இதை இத்தனை நாள் ஏன் யோசிக்கவில்லை என்று நினைத்தபோது அவருக்கே வெட்கமாக இருந்தது. கல்லூரியில் யாருக்கும் தெரிய வேண்டியதில்லை என்று சமாதானம் செய்துகொண்டார்.

சுரங்கத்தின் கடைசியில், பாறையை வெட்டிக்கொண்டிருக்கும் முகப்பில், துளைபோடும் ஆள் பாறையில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார். அண்ணாந்து பார்த்தால் கூரை சாம்பக்கல். விரிவுரையாளர் அதில் காதை வைத்தார். பல் வைத்தியர் வீட்டுச் சுவருக்கு இந்தப் பக்கம் நிற்பதுபோல, மேலிருந்து இன்னொரு டிரில் குடையும் ஓசை கேட்டது. பிறகு அது நின்றது. அவருக்கு அந்த மௌனம் பிடிக்கவில்லை; துளை முடிந்தால் அடுத்தது வெடிதான். எழுந்து இப்படித் தள்ளி வாங்க என்று ஆளைக் கூப்பிட்டார். மாப்பிள்ளை கூப்பிடுகிறாரே என்று அந்த மனிதர் மரியாதைக்காக எழுந்து வந்தார். தரை ஒரு தடவை உதறியது. அவர் சாய்ந்திருந்த இடத்தில் ஒரு தட்டு அகலத்துக்குக் கல் பெயர்ந்து டப்பாவின் மேல் விழுந்தது.

அந்த ஆள் சிறிது நேரம் டப்பாவைப் பார்த்தார். “மூடியாச்சும் போட்டிருக்கலாம்” என்றார்.

பிற்பகலில் வெடிக்காரர் வந்ததும் விரிவுரையாளர் அவரை ஓரங்கட்டி விசாரித்தார். மேலே வெடி வைத்த பிறகு கீழே புகை வருவதைக் கவனித்ததில்லையா? வெடிக்காரர் தன் சட்டையை மோந்து பார்த்துக்கொண்டார்.

“கொஞ்ச நாளா கீழ வந்தா மருந்து வாசனை அடிக்குதுங்க. காலையில மேல வெச்ச வெடியோட வாசனை, என் சட்டையில ஒட்டிக்கிட்டு வருதுன்னு நினைச்சேன். சோப்புகூட மாத்திட்டேன்.”

இரண்டு முகப்புகளுக்கும் நடுவே ஆளுயரத்துக்கு மேல் பாறை இருக்காது என்பது விரிவுரையாளரின் கணக்கு. இரண்டு சுரங்கங்கள் எதிரும் புதிருமாக நெருங்கினால் ஒரு பக்கம் வேலையை நிறுத்திவிட வேண்டும். வெடிக்கும் வேளையில் மறு பக்கத்திலும் ஆள் இருக்கக் கூடாது. இது எல்லாச் சுரங்கத்திலும் தெரிந்த விஷயம். ஆனால் அதற்கு முன், இரண்டு பக்கமும் ஒரே பாறையில்தான் நிற்கிறோம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கும் முன், இரண்டு பக்கமும் ஒருவரோடொருவர் பேச வேண்டும்.

நேரே மேல் வாசலுக்குப் போனார். தகரக் கொட்டகையில் பெரியவர் உட்கார்ந்திருந்தார். தோளில் சிவப்புக் கரை போட்ட துண்டு. விரிவுரையாளர் அதைக் கேட்டு வாங்கி மேசைமேல் விரித்தார்.

“மச்சான், இந்தக் கரைதான் சிவப்புக் கோடுன்னு வெச்சுக்குங்க. கடல்ல முதல்ல இரும்புச் சேறு படிஞ்சுது, அது சிவப்பு. அது மேல மாங்கனீசு. அதுக்கும் மேல களிமண்ணு, அதுதான் நம்ம சாம்பக்கல். எல்லாம் மட்டமா கிடந்துச்சு. அப்புறம் பக்கத்துலேருந்து பூமி நெருக்கவும், இப்படி மடிஞ்சு போச்சு.”

துண்டை மடித்தார். சாம்பக்கல் உள்ளே போனது. கரை கீழே ஒன்றும் மேலே ஒன்றுமாக வெளியே தெரிந்தது. வகுப்பில் இப்படிச் செய்ததே இல்லையே என்று அவருக்கே பெருமையாக இருந்தது.

“ரெண்டு படிவு இல்ல மச்சான். ஒண்ணுதான்.”

பெரியவர் துண்டை உற்றுப் பார்த்தார். மண்டையில் ஏறாமல் இல்லை. ஏறியதுதான் வினையாகப் போயிற்று.

“சரி. இதுல எது நேரா கிடக்கு?”

விரிவுரையாளர் கேள்வி கேட்டால் பதில் சொல்லியே பழகியவர். “கீழ இருக்கறதுதான். உங்களுது தலைகீழா கிடக்கு” என்றார்.

பெரியவர் துண்டின் கீழ் மடிப்பைத் தொட்டார், பிறகு மேல் மடிப்பை.

“அவனுது நேரா. என்னுது தலைகீழா.”

“அது ஆச்சு மச்சான், எத்தனையோ கோடி வருஷம்.”

“எப்ப ஆனா என்ன மாப்ளே, ஆனது ஆனதுதானே?”

பேச்சை மாற்றுகிறேன் என்று விரிவுரையாளர் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது அடுத்துத்தான். மடிப்பின் வளைவைச் சுட்டிக்காட்டி, இங்கேதான் ஆபத்து, இங்கேதான் இரண்டு முகப்பும் சந்திக்கப்போகின்றன என்றார். அங்கே என்ன இருக்கும் என்று பெரியவர் சாதாரணமாகக் கேட்டார். தாதுதான், நெருக்கும்போது இரண்டு பக்கத்திலிருந்தும் பிதுங்கி வளைவில்தான் போய்ச் சேரும், அங்கே இரண்டு மூன்று மடங்கு தடிப்பாக இருக்கும் என்று இவர் பாடப் புத்தகத்தில் இருந்ததை அப்படியே ஒப்பித்தார். பெரியவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். நிரூபணம் அத்தோடு முடிந்தது.

சாயங்காலம் சின்னவரிடம் இதே கச்சேரி நடந்தது, துண்டு மட்டும் வேறு. சின்னவருக்குத் தன் படிவு நேராகக் கிடக்கிறது என்பதில் பரம திருப்தி. ஆனால் இரண்டும் ஒரே சரக்கு என்றதும் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. அண்ணன் தாது வெறும் தூசி, என் தாதுவில்தான் மினுமினுப்பு என்று வாங்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி வந்தவர் அவர். அண்ணனும் அவர்களிடம் இதையே திருப்பிச் சொல்லி வந்தார். வாங்கினவர்கள் ஆலையில் இரண்டையும் ஒரே குவியலில்தான் கொட்டினார்கள். வெடி விஷயத்தில் மட்டும் சகோதரர்கள் இருவருக்கும் கருத்து வேற்றுமையே இல்லை: ஒரு பக்கம் நிறுத்தியே ஆக வேண்டும், நிறுத்த வேண்டியது எதிர்ப்பக்கம்.

மறுநாள் இரண்டு வாசலிலும் கூடுதல் ஆள் போட்டார்கள். வளைவை யார் முதலில் தொடுகிறாரோ அவருக்கே அது. வேளைக்கு ஒரு வெடி என்றிருந்தது இரண்டானது. எச்சரிக்கை செய்யப்போய், பந்தயத்துக்குக் கொடி அசைத்துவிட்டு வந்திருந்தார் விரிவுரையாளர்.

வீட்டில் மனைவி எல்லாவற்றையும் கேட்டார். சுரங்கப் பாதுகாப்பு அலுவலகத்துக்குச் சொல்லிவிடலாமா என்று இவர் இழுத்தார். சொல்லலாம், வந்து இரண்டு வாசலையும் பூட்டிவிட்டுப் போவார்கள், பூட்டினால் திறக்க எத்தனை வருடம் ஆகுமோ, அங்கே வேலை செய்கிறவர்களுக்கு யார் பதில் சொல்வது? அதற்காக, ஒருவர் தலையில் கல் விழுகிறவரை காத்திருக்கவும் முடியாது. நாளைக்கு ஒரு நாள் எனக்குக் கொடுங்கள், அதற்கும் கேட்காவிட்டால் நானே அலுவலகத்துக்குப் போன் போடுகிறேன் என்றார் மனைவி. பிறகு ஒரு சந்தேகம் கேட்டார்.

“படிவு எவ்வளவு தடிப்பு இருக்கும்?”

“வளைவு வரைக்கும் இடுப்பளவுதான்.”

“அப்ப உள்ள நின்னுதானே வேலை செய்யறாங்க? எப்படி நிக்கிறாங்க?”

விரிவுரையாளர் விளக்கப்போய் நடுவில் நிறுத்தினார். பெரியவர் நிற்பதற்காகத் தரையிலிருந்த சாம்பக்கல்லைத் தோண்டியிருந்தார். சின்னவர் தலைக்கு மேலிருந்த சாம்பக்கல்லை வெட்டியிருந்தார். சிவப்புக் கோடு இரும்பாய் இறுகியது, டிரில் வாய் மழுங்கிவிடும், சாம்பக்கல்தான் வெண்ணெய். பாகம் பிரிந்த நாளிலிருந்து இரண்டு அண்ணன்மாரும் தங்கை சொத்தை வெட்டி, வண்டி வண்டியாக வெளியே கொண்டுவந்து, மலைபோலக் குவித்து வைத்திருந்தார்கள்.

காலையில் அவர் கல்லூரிக்கு லீவு போட்டுவிட்டு மனைவியோடு போனார். மேல் வாசலில் வேலை தொடங்கும் நேரம். வெடிக்காரர் மருந்துப் பெட்டியோடு நின்றுகொண்டிருந்தார்.

“அண்ணே, என் பாறையில இனிமே ஒரு துளை போடக் கூடாது” என்றார் தங்கை.

பெரியவருக்கு முதலில் சிரிப்பு வந்தது. “என்ன பாப்பா, குப்பைக்கல்லுக்கெல்லாம் சண்டைக்கு வர்றே?”

“குப்பையோ என்னமோ, நீங்க குடுத்ததுதானே? உங்க படிவை நீங்க தாராளமா எடுத்துக்குங்க. என் கல்லு மேல கை வைக்காம எடுங்க.”

பிறகு வெடிக்காரரிடம் திரும்பினார். அடுத்தவர் பாறையில், வேண்டாமென்று முகத்துக்கு நேரே சொன்ன பிறகும் வெடி வைத்தால் லைசென்ஸ் என்ன ஆகும் என்று அவரையே கேட்டார். வெடிக்காரர் பெட்டியை மூடிவிட்டார். தங்கை கீழ் வாசலுக்கு வந்து அதே வசனத்தை, ஒரு சொல் மாறாமல், சின்னவரிடமும் சொன்னார். சின்னவர் சிரிக்கவில்லை. அப்பா இருந்தால் இப்படிப் பேசுவாயா என்றார். அப்பா இருந்தால் எனக்குப் படிவிலேயே பங்கு கிடைத்திருக்கும் என்றார் தங்கை.

அண்ணன்மார் சும்மா விடவில்லை. சாம்பக்கல்லைத் தொடாமல் தாதுவை மட்டும் எடுத்துக் காட்டுகிறோம் என்று கையுளியும் சம்மட்டியுமாக இறங்கினார்கள். இடுப்பளவு உயரத்தில் ஆட்கள் மண்டியிட்டு, பிறகு தவழ்ந்து, மத்தியானத்துக்குள் முழங்கால் தேய்ந்து வெளியே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். பெரியவர் தானே உள்ளே தவழ்ந்தார். மாட்டிக்கொண்ட அவரைக் காலைப் பிடித்து இழுக்க வேண்டியதாயிற்று. ஆனாலும் இருவருக்கும் பெரிய கவலை வேறு. தங்கை சொல்லைக் கேட்டுத் தான் மட்டும் நிறுத்தி, அந்தப் பக்கம் திருட்டுத்தனமாக வெட்டிக்கொண்டிருந்தால்? தெரிந்துகொள்ள ஒரே வழி நேரில் போய்ப் பார்ப்பது. ஆளை அனுப்ப முடியாது, எந்த ஆளும் எதிர் வாசலில் கால் வைக்கக் கூடாது என்று சட்டம் போட்டவர்களே அவர்கள்தான்.

எனவே பெரியவர் கீழ் வாசலை வேவு பார்க்கக் கிளம்பினார். சின்னவர் மேல் வாசலை வேவு பார்க்கக் கிளம்பினார். இரண்டுக்கும் ஒரே பாதை. குவித்துப் போட்ட சாம்பக்கல் மேட்டைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கத்திலிருந்து ஒருவரும் இந்தப் பக்கத்திலிருந்து ஒருவருமாக வந்து முட்டிக்கொண்டார்கள். என்ன பேசினார்கள் என்று கூட இருந்து கேட்டவர் யாருமில்லை. தூரத்திலிருந்து பார்த்த வெடிக்காரர் மட்டும், முதலில் இருவரும் ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டு நின்றதாகவும், பிறகு இருவரும் ஒரே திசையைப் பார்த்துக் கையை நீட்டி நீட்டிப் பேசியதாகவும் சொன்னார். அந்தத் திசையில் இருந்தது விரிவுரையாளர் வீடு. இம்முறை யாரும் வெடிக்காரரிடம் சத்தியம் வாங்கியிருக்கவில்லை.

மறுநாள் பெரியவரின் ஜீப்பில் இருவரும் வந்து இறங்கினார்கள். ஒரே சோபாவில் உட்கார்ந்தார்கள். அண்ணன் தொடங்கிய வாக்கியத்தைத் தம்பி முடித்தார். கூடப் பிறந்தவளா இப்படிச் செய்வது என்றார் ஒருவர். அதுவும் யார் தூண்டிவிட்டு என்றார் மற்றவர், சுவரைப் பார்த்து. சுவரோரம் நின்றிருந்த விரிவுரையாளருக்குத் தன்னைத்தான் சொல்கிறார்கள் என்பது புரிந்தது.

தங்கை பொறுமையாக இருந்தார். பேசி முடித்தார்களா என்று பார்த்துவிட்டு, கணவரைத் துண்டு ஒன்று எடுத்துவரச் சொல்லி, மடித்து, வளைவின்மேல் விரல் வைத்தார்.

“இது மேலயும் இல்ல, கீழயும் இல்ல. இதை யாருக்கும் பிரிச்சுக் குடுக்கல. என் பாறையைச் சுத்திக்கிட்டுக் கிடக்கு. இதுல மூணு பேருக்கும் பங்கு. சரின்னா நாளைக்கே என் கல்லை வெட்டிக்குங்க.”

அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கோர்ட்டுக்குப் போவோம் என்றார் பெரியவர். சேர்ந்தே போவோம் என்றார் சின்னவர். அதுவரை உற்பத்தி கெடக் கூடாது, தற்காலிகமாக ஒத்துக்கொள்கிறோம், கேஸ் நடக்கும்போதே வேலையும் நடக்கட்டும் என்று இருவருமாக முடிவு செய்தார்கள். தங்கை தலையசைத்தார். டீ கொண்டுவர எழுந்து போனார்.

விரிவுரையாளருக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. கோர்ட்டும் கேஸும் அவர்கள் பாடு. பாறைக்கு அந்தப் பக்கம் முதுகைச் சாய்த்து உட்காருகிற ஆள்தான் அவர் கண்ணுக்குள் நின்றார். தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“நாளைக்கு வெடி எந்தப் பக்கம் மச்சான்?”

பெரியவருக்கு எரிச்சல் வந்தது. “என் பக்கந்தான். கீழ ஒரு ஆள் இருக்க மாட்டான். கடைசி ஆள் வெளிய வந்ததும் தம்பியே நேர்ல வந்து எங்கிட்ட சொல்லணும், அப்புறந்தான் திரியில கை வைக்கணும். இதெல்லாம் நேத்தே பேசியாச்சு.”

“நாங்க அண்ணன் தம்பி பேசி முடிச்ச விஷயம்” என்றார் சின்னவர். “இதுல உங்களுக்கு என்ன வேலை?”

ஒரு வேலையும் இல்லை என்று விரிவுரையாளர் ஒப்புக்கொண்டார். நாலு நாளாக அடைத்துக்கொண்டிருந்த மூச்சு அப்போதுதான் வெளியே வந்தது. அதை அலுப்பு என்று எடுத்துக்கொண்ட பெரியவர், மாப்பிள்ளைக்கு மரியாதை தெரியவில்லை என்று தம்பியிடம் கிசுகிசுத்தார்.